போலீஸ் செயலி சொல்லும் ‘மேட்ச்’சை நம்பலாமா? முகத்தை ஸ்கேன் பண்ணும் கேமரா மனசையும் படிக்குமா?

ராத்திரி ரோந்தில் இருக்கும் போலீஸ்காரர், பைக்கில் வந்த ஒருவரை நிறுத்துகிறார். பேர் என்ன, எந்த ஊரு, எங்க போறீங்க என்ற வழக்கமான கேள்விகள். பிறகு செல்போனை முகத்துக்கு நேரே நீட்டி ஒரு போட்டோ. பழைய குற்றவாளிகள் பட்டியலில் இந்த முகம் இருக்கிறதா என்று சில விநாடிகளில் திரையில் பதில் வந்துவிடுகிறது.

சினிமா காட்சி இல்லை இது. தமிழ்நாடு காவல்துறைக்கு முகத்தை வைத்து ஆளைத் தேடும் மென்பொருளை 2021 அக்டோபரில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் தொடங்கி வைத்தார். மத்திய அரசு நிறுவனமான சி-டாக் உருவாக்கியது. அதற்கு முன்பே சென்னையில் ‘ஃபேஸ்டேகர்’ என்ற செயலியைப் போலீஸார் பயன்படுத்தி வந்தார்கள்.

போலீஸ் மட்டுமா? விமான நிலையத்தில் ‘டிஜி யாத்ரா’ 2022 டிசம்பரில் வந்துவிட்டது. பென்ஷன் வாங்குபவர்கள் உயிர்வாழ் சான்றிதழுக்காக போன் கேமராவைப் பார்த்துக் கண் சிமிட்டுகிறார்கள். உங்கள் போன் லாக்கே முகத்தைப் பார்த்துத்தான் திறக்கிறது.

எல்லாவற்றுக்கும் செய்திகளில் ஒரே பெயர்தான், ‘முக அடையாளத் தொழில்நுட்பம்’. ஆனால் போன் லாக்கைத் திறப்பது ஒரு வேலை. கூட்டத்துக்குள் ஒரு ஆளைத் தேடுவது இன்னொரு வேலை. முகத்தைப் பார்த்து கோபமா, பயமா என்று சொல்வது மூன்றாவது வேலை. மூன்றும் ஒரே அளவுக்கு நம்பகமானவை இல்லை. ஒன்றில் கிடைத்த நல்ல பெயரைக் காட்டி இன்னொன்றை விற்பதுதான் பல இடங்களில் நடக்கிறது.

கேமரா எப்படி முகத்தைக் கண்டுபிடிக்குது?

முதல் வேலை, படத்தில் முகம் எங்கே இருக்கிறது என்று பார்ப்பது. 2001-ல் பால் வியோலா, மைக்கேல் ஜோன்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் இதற்கு எளிமையான ஒரு வழியைக் காட்டினார்கள். யாருடைய முகமாக இருந்தாலும் கண் இருக்கும் பகுதி கன்னத்தைவிட இருட்டாக இருக்கும். மூக்குத் தண்டு இரண்டு பக்கமும் உள்ள கண்களைவிட வெளிச்சமாக இருக்கும். இந்த மாதிரி இருட்டு-வெளிச்சக் கட்டங்களைப் படம் முழுக்க வேகமாகத் தேடினால் முகம் சிக்கிவிடும். டிஜிட்டல் கேமராக்களில் முகத்தைச் சுற்றி ஒரு சதுரம் வந்து நின்றதே, அதற்குப் பின்னால் இருந்தது இந்த மாதிரி யோசனைதான்.

அடுத்து கண், மூக்கு நுனி, உதட்டின் ஓரங்கள் என்று சில புள்ளிகளைக் குறித்து, சாய்ந்திருக்கும் முகத்தை நேராக்குகிறது. அதன்பிறகு வருவதுதான் முக்கியமான கட்டம். முகம் எண்களாக மாறுகிறது.

கூகுள் 2015-ல் வெளியிட்ட ‘ஃபேஸ்நெட்’ என்ற அமைப்பு ஒவ்வொரு முகத்தையும் 128 எண்கள் கொண்ட ஒரு வரிசையாக மாற்றியது. மூக்கு நீளம் இவ்வளவு, நெற்றி அகலம் இவ்வளவு என்று நாம் அளக்கிற மாதிரியான எண்கள் இல்லை இவை. பயிற்சியின்போது மூன்று மூன்று படங்களாகக் காட்டுவார்கள். இரண்டு ஒரே ஆளுடையது, மூன்றாவது வேறு ஆள். ஒரே ஆளின் எண்கள் பக்கத்தில் வரணும், வேறு ஆளின் எண்கள் தள்ளிப் போகணும். கோடிக்கணக்கான படங்களில் இதையே திரும்பத் திரும்பச் செய்து, எந்த எண்ணை எப்படிக் கணக்கிட வேண்டும் என்று கம்ப்யூட்டர் தானே பழகிக்கொள்கிறது.

ஆக, கம்ப்யூட்டருக்கு உங்களைத் ‘தெரியாது’. இரண்டு எண் வரிசைகளுக்கு நடுவே எவ்வளவு தூரம் என்று மட்டும்தான் அது சொல்லும். எவ்வளவு தூரத்துக்குள் வந்தால் ‘ஒரே ஆள்’ என்று ஏற்றுக்கொள்வது? அந்தக் கோட்டை வரைவது மனிதர்கள். கம்பெனியோ, அரசுத் துறையோ, யாரோ ஒரு அதிகாரியோ வரைகிறார். இந்த ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் சுலபமாகப் புரியும்.

போன் லாக் சரியா திறக்குதே, அப்புறம் என்ன பிரச்னை?

போன் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: எதிரில் இருப்பவர் என் முதலாளிதானா? ஒரு முகத்தை இன்னொரு முகத்தோடு ஒப்பிட்டால் போதும். நீங்களே விரும்பி, நேராகப் பார்த்து, நல்ல வெளிச்சத்தில் முகத்தைக் காட்டுகிறீர்கள். 2017-ல் வந்த ஐபோன் எக்ஸ், கண்ணுக்குத் தெரியாத 30,000-க்கும் மேற்பட்ட அகச்சிவப்புப் புள்ளிகளை முகத்தில் பாய்ச்சி மேடு பள்ளத்தையும் அளந்தது. சம்பந்தமில்லாத ஒருவர் முகத்தைக் காட்டித் திறக்கும் வாய்ப்பு 10 லட்சத்தில் ஒன்று என்று ஆப்பிள் சொன்னது.

பென்ஷனர்களுக்கு 2021 நவம்பரில் வந்த முக அங்கீகார வசதியும் இந்த வகைதான். வயசானால் கைரேகை தேய்ந்துபோகும். கருவியில் விரலை வைத்து வைத்து எடுத்து அலுத்துப்போன பெரியவர்களுக்கு இது உண்மையிலேயே ஒரு நிம்மதி. தப்பு நடந்தால்? ‘நீங்க அவர் இல்ல’ என்று நிராகரிக்கும். எரிச்சல்தான், பென்ஷன் தாமதமானால் கஷ்டமும்தான். ஆனாலும் வங்கி, கைரேகை, கருவிழி என்று வேறு வழி இருக்கிறது.

போலீஸ் கேட்கும் கேள்வி வேறு: லட்சக்கணக்கான முகங்களில் இது யாருடைய முகம்? இங்கே தப்பு நடந்தால், சம்பந்தமே இல்லாத ஒருவர் உள்ளே இழுக்கப்படுகிறார்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு பெரிய ரயில் நிலையம். ஒரு நாளைக்கு 1 லட்சம் பேர் வந்து போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தேடப்படுவோர் பட்டியலில் 1,000 முகங்கள். ஒவ்வொரு பயணியையும் 1,000 முகங்களோடு ஒப்பிட்டால் மொத்தம் 10 கோடி ஒப்பீடுகள். கேமரா ரொம்ப உசத்தி, 10 லட்சம் ஒப்பீட்டில் ஒரே ஒரு முறைதான் தவறும் என்றே எடுத்துக்கொள்வோம். அப்படியும் அன்று 100 முறை பொய்யாக மணி அடிக்கும். நிஜமாகவே தேடப்படுபவர்கள் இரண்டு பேர் அன்று வந்திருந்து, இரண்டு பேரையும் கேமரா பிடித்துவிட்டாலும், அடித்த 102 மணியில் 100 அப்பாவிகளுக்கு.

‘99.9 சதவீதம் துல்லியம்’ என்று விளம்பரம் வந்தால் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: எத்தனை பேரோடு ஒப்பிடும்போது?

தப்பான ‘மேட்ச்’ வந்தால் என்ன ஆகும்?

இதற்கு உலகம் முழுக்கப் பேசப்பட்ட உதாரணம் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் நடந்தது. 2018-ல் அங்கே ஒரு கடையில் கைக்கடிகாரங்கள் திருடு போயின. சிசிடிவியில் கிடைத்தது மங்கலான ஒரு உருவம், தலையில் தொப்பி. அந்தப் படத்தை முக அடையாள மென்பொருளில் போட்டார்கள். ஓட்டுநர் உரிமப் படங்களில் இருந்து ஒரு கறுப்பினத்தவரின் பழைய போட்டோவை அது எடுத்துக் கொடுத்தது.

அடுத்து நடந்ததைத்தான் கவனிக்கணும். அந்த போட்டோவை வேறு சிலரின் போட்டோக்களோடு வரிசையாக வைத்து, கடையின் பாதுகாப்புப் பணியில் இருந்த ஒருவரிடம் காட்டினார்கள். அவர் திருட்டை நேரில் பார்த்தவர் இல்லை. சிசிடிவி வீடியோவை மட்டும் பார்த்தவர். அவரும் அதே போட்டோவைக் காட்டினார். ‘மென்பொருளும் சொல்லுது, சாட்சியும் சொல்றாங்க’ என்று வழக்கு இறுகிவிட்டது. 2020 ஜனவரியில் அந்த மனிதரை வீட்டு வாசலில், மனைவி குழந்தைகள் கண் முன்னால் கைவிலங்கு போட்டு அழைத்துப் போனார்கள். சுமார் 30 மணி நேரம் காவலில் இருந்தார். அவர் அந்தத் திருட்டில் சம்பந்தப்படவே இல்லை.

சாட்சி பொய் சொன்னாரா? இல்லை. லட்சக்கணக்கான முகங்களில் இருந்து, வீடியோவில் உள்ளவரைப் போலவே இருக்கும் ஒருவரைப் பொறுக்கி எடுப்பதுதான் மென்பொருளின் வேலையே. அப்படிப் பொறுக்கிய முகத்தைக் காட்டி ‘இவர்தானா?’ என்று கேட்டால், ஆமா என்றுதான் யாருக்கும் தோன்றும். சாதாரண அடையாள அணிவகுப்பில் இந்த ஆபத்து இவ்வளவு கிடையாது. மென்பொருள் சொன்ன அதே தகவலைத்தான் சாட்சியும் திருப்பிச் சொல்கிறார், ஆனால் கோப்பில் அது இரண்டு ஆதாரமாக எழுதப்படுகிறது.

அவர் தொடுத்த வழக்கு 2024 ஜூனில் சமரசத்தில் முடிந்தது. முக அடையாளத்தில் வந்த முடிவை மட்டும் வைத்து யாரையும் கைது செய்யக் கூடாது என்பது அதில் ஒரு நிபந்தனை. அந்த முடிவை மட்டும் வைத்து, வேறு ஆதாரம் இல்லாமல், ஒருவரின் போட்டோவை சாட்சிக்குக் காட்டும் வரிசையில் சேர்க்கவும் கூடாது.

நம்ம ஊரில் அந்தக் கோடு எங்கே?

டெல்லி போலீஸ் எங்கே கோடு போட்டிருக்கிறது என்பது 2022-ல் வெளியே வந்தது. இன்டர்நெட் ஃப்ரீடம் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டதற்குக் கிடைத்த பதில்: 80 சதவீதத்துக்கு மேல் ஒத்துப்போனால் அதை ‘மேட்ச்’ என்று எடுத்துக்கொள்கிறார்கள். அதற்குக் கீழே வந்தால் தவறான பொருத்தம். ஆனால் அப்போதும் மற்ற ஆதாரங்களைத் தேடி விசாரணையைத் தொடரலாம்.

80 சதவீதம் என்றதும் ‘நூற்றுக்கு 80 வாய்ப்பு, அவர்தான் குற்றவாளி’ என்று மனசு கணக்குப் போட்டுவிடுகிறது. அது தப்பு. அந்த எண் இரண்டு எண் வரிசைகள் எவ்வளவு நெருக்கம் என்பதற்கான மதிப்பெண் மட்டுமே. ஒரு மென்பொருளின் 80-ம் இன்னொரு மென்பொருளின் 80-ம் ஒன்று கிடையாது. அண்ணன் தம்பி முகத்தைக் கொடுத்தால்கூட மதிப்பெண் எகிறலாம்.

இதே டெல்லியில் 2018-ல் நடந்ததைக் கேளுங்கள். ஏப்ரல் மாதம் காப்பகங்களில் இருந்த குழந்தைகளின் முகங்களைக் காணாமல்போன குழந்தைகளின் படங்களோடு ஒப்பிட்டதில், நான்கே நாளில் கிட்டத்தட்ட 3,000 குழந்தைகள் அடையாளம் தெரிந்ததாக அறிவித்தார்கள். நாடே கொண்டாடியது. அதே ஆண்டு டெல்லி உயர் நீதிமன்றத்தில் இந்த மென்பொருளின் துல்லியம் வெறும் 2 சதவீதம் என்று சொல்லப்பட்டது. 2019-ல் மத்திய அரசு ஒரு படி மேலே போய், துல்லியம் 1 சதவீதத்துக்கும் குறைவு, ஆண் குழந்தையையும் பெண் குழந்தையையும்கூட அதனால் பிரிக்க முடியவில்லை என்றது. குழந்தை முகம் வேகமாக மாறும். மூணு வயசில் எடுத்த போட்டோவை வைத்து ஏழு வயசில் தேடினால் தாயே ஒரு நிமிடம் தயங்குவார்.

காணாமல்போன ஒரே ஒரு குழந்தை கிடைத்தாலும் அது பெரிய விஷயம்தான். ஆனால் குழந்தையைத் தேடும்போது தப்பான ‘மேட்ச்’ வந்தால் பெற்றோர் வந்து பார்த்து, ‘இது எங்க புள்ள இல்ல’ என்று சொல்லிவிடுவார்கள். கலவர வழக்கில் தப்பான ‘மேட்ச்’ வந்தால் அதை யார் வந்து சொல்வது?

கறுப்பு முகம்னா கேமரா தடுமாறுமா?

தடுமாறியது, நிரூபணமாகவே. ஜாய் புவலம்வினி, டிம்னிட் கெப்ரு என்ற இரு ஆய்வாளர்கள் 2018-ல் பெரிய கம்பெனிகளின் மென்பொருள்களைச் சோதித்தார்கள். முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்வதுதான் சோதனை. வெளிர் நிற ஆண்களிடம் அதிகபட்சப் பிழை 0.8 சதவீதம். அடர் நிறப் பெண்களிடம் அது 34.7 சதவீதம் வரை போனது. பயிற்சிக்குக் கொடுத்த படங்களில் எந்த முகம் அதிகமோ, அந்த முகம்தான் கம்ப்யூட்டருக்கு நன்றாகப் பழகுகிறது.

அமெரிக்க அரசின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2019-ல் வெளியிட்ட அறிக்கையும் இதையே வேறு விதமாகச் சொன்னது. ஆசிய, ஆப்பிரிக்க முகங்களில் தவறான பொருத்தம் சில மென்பொருள்களில் 10 முதல் 100 மடங்கு அதிகம். சீனாவில் உருவான சில மென்பொருள்களில் கிழக்காசிய முகங்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை என்பதையும் அது கவனித்தது. அதன்பிறகு தரம் நிறைய உயர்ந்திருக்கிறது. இருந்தாலும் நம் ஊர் கருப்பு, மாநிறம், தெருவிளக்கின் மஞ்சள் வெளிச்சம், மலிவு கேமரா இவற்றில் எப்படி வேலை செய்கிறது என்று இங்கேயே சோதித்துப் பொதுவில் சொல்லாமல், வெளிநாட்டு மதிப்பெண்ணைக் காட்டுவதில் அர்த்தமில்லை.

சரி, மனசைப் படிக்குமா?

2021 ஜனவரியில் உத்தரப் பிரதேசத் தலைநகர் லக்னோவில் போலீஸ் ஒரு திட்டத்தை அறிவித்தது. பெண்கள் அதிகம் தொல்லைக்கு ஆளாகும் 200 இடங்களில் ஏஐ கேமராக்கள். ஒரு பெண்ணின் முகபாவம் மாறி அவர் ஆபத்தில் இருப்பதாகத் தெரிந்தால் உடனே பக்கத்து போலீஸுக்குத் தகவல் போகும். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் ஆட்டோக்காரரிடம் வாடகைக்குச் சண்டை போடும் பெண்ணின் முகம் எப்படி இருக்கும்? பின்தொடரும் ஒருவனுக்குப் பயந்து, பயத்தைக் காட்டிக்கொள்ளாமல் நடக்கும் பெண்ணின் முகம் எப்படி இருக்கும்?

இந்த யோசனையின் வேர் அமெரிக்க உளவியலாளர் பால் எக்மன். கோபம், பயம், மகிழ்ச்சி, சோகம், அருவருப்பு, வியப்பு ஆகிய ஆறும் உலகில் எங்கே போனாலும் முகத்தில் ஒரே மாதிரிதான் தெரியும் என்றார். 1978-ல் அவரும் வாலஸ் ஃப்ரீசனும் முகத்தின் ஒவ்வொரு தசை அசைவுக்கும் ஒரு எண் கொடுத்து ஒரு பட்டியலே போட்டார்கள். உதட்டு ஓரம் மேலே போவது 12. கன்னம் உயர்ந்து கண்ணோரம் சுருங்குவது 6. இரண்டும் சேர்ந்தால் உள்ளத்தில் இருந்து வரும் சிரிப்பு, 12 மட்டும் வந்தால் போட்டோவுக்குச் சிரிக்கும் சிரிப்பு என்பார்கள்.

தசை அசைவதைக் கணக்கெடுப்பதில் இன்றைய கேமராக்கள் கெட்டி. சறுக்குவது அடுத்த படியில். அசைவில் இருந்து உணர்ச்சிக்குத் தாவும்போது.

லிசா ஃபெல்ட்மன் பாரெட் தலைமையில் ஐந்து ஆய்வாளர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வுகளைப் படித்துப் பார்த்து 2019-ல் ஒரு முடிவுக்கு வந்தார்கள். கோபத்தில் இருப்பவர்கள் புருவத்தைச் சுருக்கி முறைப்பது சுமார் 30 சதவீத நேரம்தான். மற்ற நேரத்தில் கோபக்காரர் சும்மா இருக்கிறார், சிரிக்கிறார், அழக்கூட செய்கிறார். புருவம் சுருக்குபவர் எல்லாரும் கோபத்தில் இருப்பதும் இல்லை. கணக்குப் போடும்போது சுருக்குவோம், உச்சி வெயிலில் சுருக்குவோம், கண்ணாடியை மறந்து வந்த நாளில் பஸ் போர்டைப் படிக்கச் சுருக்குவோம்.

‘அகத்தின் அழகு முகத்தில் தெரியும்’னு சொல்றோமே என்று கேட்கலாம். தெரியும், தெரிந்தவர்களுக்கு. உங்கள் அம்மா ‘என்னடா மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு’ என்று கேட்பது நீங்கள் நேற்று எப்படி இருந்தீர்கள், இன்று எங்கே போய்விட்டு வருகிறீர்கள் என்பதெல்லாம் தெரிந்துதான். தொல்காப்பியத்தில் மெய்ப்பாடு எட்டு என்று வகுத்தவர்கூட அதோடு நிறுத்தவில்லை. ஒவ்வொன்றும் நான்கு காரணங்களில் பிறக்கும் என்று சேர்த்தே சொன்னார். அழுகை என்றால் இழப்பாலா, வறுமையாலா என்று பார்க்க வேண்டும். கேமராவுக்கு அந்தக் காரணம் தெரியாது, கண்ணீர் மட்டும்தான் தெரியும்.

கம்பெனிகளே பின்வாங்கிய இடம் இது. வேலைக்கான வீடியோ நேர்காணலில் முகபாவத்துக்கு மதிப்பெண் போட்டுவந்த ஹயர்வியூ நிறுவனம், அதை நிறுத்திவிட்டதாக 2021 தொடக்கத்தில் அறிவித்தது. முகத்தை வைத்து உணர்ச்சியைச் சொல்லும் வசதியைக் கைவிடுவதாக 2022 ஜூனில் மைக்ரோசாஃப்ட் சொன்னது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏஐ சட்டம் வேலை இடங்களிலும் கல்வி நிலையங்களிலும் ஊழியர், மாணவர் உணர்ச்சியை ஏஐ மூலம் ஊகிப்பதையே தடை செய்துவிட்டது. 2025 பிப்ரவரி 2 முதல் அது அமலில் இருக்கிறது. மருத்துவம், பாதுகாப்பு காரணங்களுக்கு மட்டும் விலக்கு.

இந்தியாவில் சட்டம் என்ன சொல்லுது?

முக அடையாளத்துக்கென்று தனிச் சட்டம் இங்கே கிடையாது. தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு சொன்னது. 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆனால் குற்றத்தைத் தடுக்க, கண்டுபிடிக்க, விசாரிக்க நடக்கும் பணிகளுக்கு அதன் முக்கியமான பல பிரிவுகளில் இருந்து விலக்கு இருக்கிறது. அரசு அறிவிக்கும் அமைப்புகளுக்கு இன்னும் பெரிய விலக்கே தரலாம். அதாவது, கடைக்காரர் உங்கள் முகத்தைப் பதிவு செய்தால் கேள்வி கேட்க ஒரு சட்டம் இருக்கிறது. போலீஸ் கேமரா விஷயத்தில் அதே சட்டம் பெரும்பாலும் ஒதுங்கிக்கொள்கிறது.

சேர்த்து வைத்த தரவு பத்திரமா என்பது அடுத்த கவலை. 2024 மே மாதம் தமிழ்நாடு காவல்துறையின் முக அடையாள போர்ட்டலுக்குள்ளேயே ஹேக்கர் புகுந்த விவகாரம் செய்தியானது. பாஸ்வேர்டு திருடு போனால் மாற்றிக்கொள்ளலாம். முகத்தை மாற்ற முடியாது.

நீங்கள் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டிய இரண்டு விஷயங்கள். டிஜி யாத்ரா கட்டாயம் இல்லை. வேண்டாம் என்றால் வழக்கம்போல அடையாள அட்டையைக் காட்டி சாதாரண வரிசையில் போகலாம்.

இரண்டாவது, 2022-ம் ஆண்டின் குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணுதல்) சட்டம். கைதானவர்களின் போட்டோ, கைரேகை, கருவிழிப் பதிவு எல்லாவற்றையும் எடுக்கவும், 75 ஆண்டுகள் வரை டிஜிட்டலாக வைத்திருக்கவும் அது அனுமதிக்கிறது. அதே சட்டத்திலேயே இன்னொரு வரியும் உண்டு: முன்பு தண்டனை பெறாத ஒருவர் விசாரணை இல்லாமலே விடுவிக்கப்பட்டாலோ, வழக்கில் இருந்து விடுதலையானாலோ, மேல்முறையீடுகள் எல்லாம் முடிந்த பிறகு அந்தப் பதிவுகளை அழிக்க வேண்டும். நீதிமன்றமோ மாஜிஸ்திரேட்டோ காரணத்தை எழுத்தில் பதிந்து வேறு மாதிரி உத்தரவிட்டால் மட்டும் வைத்திருக்கலாம். விடுதலை உத்தரவு கையில் வந்ததும் வக்கீலிடம் இதையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.